ஒன்பது கிலோமீட்டருக்கு டீசல் எதற்கு?

கேள்வி: ஐயா, நான் கோவில்பட்டியில் இருக்கிறேன். வீட்டிலிருந்து 9 கி.மீ. தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. பஸ்ஸை நம்பிக் காலம் தள்ள முடியவில்லை. பழைய கார் வாங்கலாம் என்று இரண்டு ஸ்விஃப்ட் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2013 வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல், இரண்டாவது ஓனர், 78,000 கி.மீ., விலை 3,10,000 ரூபாய். மற்றது 2014 வி.டி.ஐ. டீசல், ஒரே ஓனர், 61,000 கி.மீ., விலை 3,60,000. மாதம் ஒருமுறை மதுரையில் அம்மா வீட்டுக்குப் போவோம். என் வீட்டுக்காரர், "மைலேஜுக்கு மைலேஜ், இழுவைக்கு இழுவை, டீசல்தான்" என்கிறார். பத்து வருஷமான டீசல் வண்டியை ஓட்ட விடமாட்டார்கள் என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் பயமுறுத்துகிறார். எதை வாங்குவது?
- வாசகி ஒருவர், கோவில்பட்டி

பதில்: டீச்சர், முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். டீசலுக்குப் பத்து வருஷம், பெட்ரோலுக்குப் பதினைந்து என்பது டெல்லி தலைநகர்ப் பகுதிக்காக 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு. தமிழ்நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே சொந்த உபயோக வண்டி எதுவானாலும் ஆர்.சி. பதினைந்து வருஷம் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் தப்பில்லை. வி.டி.ஐ.யில் இருக்கும் 1248 சி.சி. இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. டிசையர், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்டோ என்று ஒரு காலத்தில் பாதி ஊர் அதில்தான் ஓடியது. அதனால் 2020-ல் மாருதி டீசலையே நிறுத்திய பிறகும் ஸ்பேர் தட்டுப்பாடு இல்லை, கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் ஊருக்கு ஊர் உண்டு. நாலு பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் ஏறிப் பார்த்தால் இழுவை என்றால் என்னவென்று தெரியும்.

ஆனால் நீங்கள் கொடைக்கானலுக்கா போகிறீர்கள்? போக வர 18 கி.மீ., மாதம் ஒரு மதுரை, கோயில் குளம் எல்லாம் சேர்த்தாலும் வருஷத்துக்கு 8,000 கி.மீ. தாண்டாது. உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் வண்டி 15, டீசல் 19 கொடுக்கும் என்று வையுங்கள். கம்பெனி சொன்ன கணக்கு வேறு. அது ரோட்டில் வராது. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 என்றால் வருஷத்துக்கு மிச்சம் 15,000-க்குக் கொஞ்சம் குறைவு. டீசலுக்கு ஆயிலும் ஃபில்டரும் கூடுதலாக விழுங்குவதைக் கழித்தால் 11,000 நிற்கும். வண்டிக்கு அதிகமாகக் கொடுக்கும் 50,000-ஐத் திரும்ப எடுக்கவே நாலரை வருஷம். இடையில் ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ போனால் பில் ஐந்து இலக்கத்தில் வரும்.

போகவும் வாய்ப்பு அதிகம். டீசல் இன்ஜின் சூடேற நேரம் பிடிக்கும். உங்கள் பள்ளிக்கூடம் வரும்போதுதான் அது சூடாகி வேலை செய்யத் தொடங்கும். நீங்கள் சாவியைத் திருப்பி இறங்கிவிடுவீர்கள். தினமும் இப்படியே நடந்தால் இ.ஜி.ஆர். வால்விலும் காற்று போகும் வழியிலும் கரி அப்பும். இழுவைக்காக வாங்கிய வண்டியில் முதலில் போவது இழுவைதான்.

அந்த 61,000-த்திலும் எனக்குச் சந்தேகம். லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்த 2012-ஐ ஒட்டிய காலத்தில்தான் ஊரே டீசலுக்கு ஓடியது. அந்த ஆசையில் பெட்ரோலைவிடக் கூடக் கொடுத்து டீசல் வாங்கியவர் வருஷத்துக்கு ஆறாயிரம்கூட ஓட்டவில்லையா? ஒன்று, மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள். இல்லை, உங்களைப் போலவே ஒன்பது கிலோமீட்டருக்கு ஓட்டியிருக்கிறார்கள். இரண்டும் உங்களுக்கு ஆகாது. எங்கள் பட்டறைக்கு இப்படி ஒரு வி.டி.ஐ. வந்தது. மீட்டரில் 58,000. பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரிந்தது. டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்த பழைய ஆயில் சர்வீஸ் அட்டையில் 1,32,000 என்று யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்காரர் சமாதானத்துக்காக டீசலையும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும் என்றால், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அங்கேயே தலைகீழாக வைக்கச் சொல்லுங்கள். மூடி குதித்து, புகை விட்டுவிட்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பேசாமல் திரும்பிவிடுங்கள்.

பெட்ரோல் வண்டியைக் காலையில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொன்று, உங்கள் மாவட்டம் என்பதால் சொல்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அவற்றில் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தவையும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் கை அங்கே போகாது, சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி உண்டா என்பது தெரிந்துவிடும்.

பெட்ரோலிலும் ஒரு குறை உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2013 வண்டி அதற்காகச் செய்ததல்ல. மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும், பழைய ரப்பர் ஹோஸ்கள் சீக்கிரம் இறுகி வெடிக்கும். வாங்கியதும் அவற்றை மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

வி.எக்ஸ்.ஐ.யை எடுங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஐந்தாறு வருஷப் பழசு என்றால் நாலு டயர் காசைக் கழித்துப் பேசுங்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறும்வரை 20,000 ரூபாயைக் கொடுக்காமல் கையில் வைத்திருங்கள்.