நானிக்குப் புரியும் உருது

கேள்வி: என் நானிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) ஆம்பூர் உருதுதான் தெரியும். அந்தப் பேச்சில் டிவி நிகழ்ச்சி உண்டா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: டிடி உருது 2006 ஆகஸ்ட் 15 முதல் வருகிறது. ஆனால் அதில் கேட்பது பெரும்பாலும் ஏட்டு உருது. 'நக்கோ' (வேண்டாம்) என்று உங்கள் நானி தட்டைத் தள்ளுவாரே, அந்தத் தென்னிந்திய உருதுப் பேச்சான தக்கனி அதில் அரிது. ஹைதராபாத் தக்கனியில் வந்த 'தி அங்க்ரேஸ்' படத்தைப் போட்டுக் காட்டுங்கள்; வாடை வேறென்றாலும் புரியும்.

வீட்டுப்பேச்சை டிவியில் கேட்கும் இந்த ஏக்கம் சிங்கப்பூர்ச் சீன முதியவர்களுக்கும் இருந்தது. 1979இல் அரசின் 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் தொடங்கியபின், அவர்களில் பலர் வீட்டில் பேசிய ஹொக்கியன் என்ற சீனப் பேச்சு தொலைக்காட்சியிலிருந்து ஒதுக்கப்பட்டது. 2016இல் முதியவர்களுக்காகவே அங்குள்ள சேனல் 8 ஒரு ஹொக்கியன் தொடரை ஒளிபரப்பியது. தலைப்பின் பொருள், 'சாப்பிட்டாச்சா?' வீட்டுப்பேச்சைக் கொச்சை என்று தள்ளாமல், ஆம்பூர், வாணியம்பாடி நானிகளுக்கும் அப்படியொரு தொடர் எடுக்க வேண்டும்.