காதை நம்பித் தண்டவாளத்தில் இறங்காதீர்கள்: ரயில் பாதையிலும் அதன் அருகிலும் வேலை செய்வோருக்கான பாடம்

இந்தப் பாடம் யாருக்கு?

கெடாவில் சுங்கை பட்டாணி, குருண், அலோர்ஸ்டார், அனாக் புக்கிட், கோடியாங் வட்டாரங்களில் ரயில் பாதையில் அல்லது பாதையை ஒட்டி வேலை செய்பவரா நீங்கள்? பாதை பராமரிப்பு, வேலி ஓரப் புல் வெட்டு, கால்வாய்த் துப்புரவு, செம்பனைக் குலை அறுப்பு, ஆடு மாடு மேய்ப்பு என எந்த வேலையாக இருந்தாலும் இதைப் படியுங்கள். உங்கள் குழுவில் தமிழ் படிக்க வராதவர் இருந்தால், காலைப் பெரட்டு முடிந்ததும் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கால் மணி நேரம் போதும்.

1. பாதை மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை

தெற்கிலிருந்து வந்த ரயில் பாதை 1915-இல் அலோர்ஸ்டாரை எட்டியது. 1918-இல் பாடாங் பெசாரில் தாய்லாந்து ரயிலுடன் இணைந்தது. மலாயாவின் ரயில் பாதைகளைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘கேங்’ ஆட்களாக வேலை செய்து, ரயில்வே லயன்களிலேயே வாழ்ந்த குடும்பங்கள் பல. தண்டவாளத்தில் காதை வைத்து ரயில் வருவதைக் கண்டுபிடித்த கதையை உங்கள் தாத்தாவோ அப்பாவோ சொல்லியிருக்கலாம்.

அன்று அந்த அனுபவம் உயிரைக் காத்தது. அப்போது இருந்தது ஒற்றைப் பாதை. நீராவி இஞ்சினும் பின்னர் டீசல் இஞ்சினும் தொலைவிலேயே சத்தம் கொடுத்தன. எந்த நேரத்தில் எந்த ரயில் என்பதும் ஊருக்கே மனப்பாடம்.

இன்று அதே இடத்தில் ஓடுவது மின்சார இரட்டைப் பாதை. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான மின்மயப் பணி முடிந்து, 2015 முதல் இ.டி.எஸ். ரயில்கள் கெடா வழியாக ஓடுகின்றன. கமுட்டர் ரயில்களும் சரக்கு ரயில்களும் இதே பாதையில்தான் செல்கின்றன. அதனால் நான்கு விஷயங்கள் மாறியுள்ளன.

வேகம்: இ.டி.எஸ். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும். அதாவது ஒரு வினாடிக்கு சுமார் 39 மீட்டர். ஒரு கால்பந்துத் திடலின் நீளத்தை மூன்று வினாடிக்குள் கடந்துவிடும்.

சத்தம்: மின்சார ரயிலில் டீசல் இஞ்சினின் உறுமல் இல்லை. காற்று எதிர்ப்பக்கம் வீசினாலோ, மழை பெய்தாலோ, பக்கத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஓடினாலோ, அது மிக அருகில் வரும் வரை கேட்காது.

திசை: பாதைகள் இரண்டு. எந்தப் பாதையிலும், எந்தத் திசையிலிருந்தும், எந்த நேரத்திலும் ரயில் வரலாம். ‘இந்தப் பாதையில் வடக்கே போவது மட்டும்தான்’ என்று நினைப்பது ஆபத்து.

மின்சாரம்: தலைக்கு மேலே உள்ள கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. ரயில் கண்ணுக்குத் தெரியாத நேரத்திலும், நள்ளிரவிலும் அதில் மின்சாரம் இருக்கிறது என்றே எண்ண வேண்டும்.

இவற்றில் மிகப் பெரிய பொறி எது தெரியுமா? ஒரு பாதையில் நீண்ட சரக்கு ரயில் பெருஞ்சத்தத்துடன் போகிறது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தவர், கடைசிப் பெட்டி கடந்ததும் காலை எடுத்து வைக்கிறார். அடுத்த பாதையில் வரும் இ.டி.எஸ். அவர் கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. முதல் ரயில் இரண்டாவது ரயிலை மறைத்துவிட்டது.

2. வேலை தொடங்கும் முன்: ஐந்து கேள்விகள்

ரயில் பாதையின் வேலிக்குள் செல்லும் எவரும் அனுமதியுடனும் பாதுகாப்பு விளக்கம் பெற்ற பிறகுமே செல்ல வேண்டும். ‘ஐந்து நிமிட வேலைதானே’ என்பது விதிவிலக்கு ஆகாது. மேற்பார்வையாளரிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

• எந்தப் பாதையில் ரயில் ஓடுகிறது? எது மூடப்பட்டுள்ளது?
• மேலே உள்ள மின்கம்பி நிறுத்தப்பட்டுள்ளதா? அதை உறுதிப்படுத்தியவர் யார்?
• ரயில் வருவதைப் பார்த்து எச்சரிக்கும் காவல் ஆள் யார்? அவர் எங்கே நிற்கிறார்?
• எச்சரிக்கை எப்படி வரும்? விசிலா, ஊதலா, கொடியா?
• எச்சரித்ததும் நாம் ஒதுங்கி நிற்க வேண்டிய இடம் எது?

இவற்றில் ஒன்றுக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் வேலையைத் தொடங்காதீர்கள். உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளருக்கு உரிமை உண்டு. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல் செய்யப்பட்ட திருத்தம் இந்த உரிமையைத் தருகிறது. இது 1 ஜூன் 2024 முதல் நடப்பில் உள்ளது. கேள்வி கேட்பது முதலாளியை எதிர்ப்பதாகாது.

3. காவல் ஆள் எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும்?

பல நாட்டு ரயில்வேக்களில் உள்ள ஒரு நடைமுறை இது: ரயில் வந்து சேருவதற்குக் குறைந்தது 10 வினாடிக்கு முன்பே எல்லாரும் பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுங்கள். கருவிகளை எடுத்துக்கொண்டு ஒதுங்க உங்கள் குழுவுக்கு 10 வினாடி ஆகிறது. அதனுடன் 10 வினாடியைக் கூட்டினால் 20 வினாடி. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் 20 வினாடியில் ஏறக்குறைய 780 மீட்டர் ஓடிவிடும். ஆகவே காவல் ஆளின் பார்வை இரு பக்கமும் அவ்வளவு தூரத்துக்கு எட்ட வேண்டும். வளைவு, மேம்பாலத் தூண், மூடுபனி, கனமழை ஏதாவது மறைத்தால் கூடுதல் காவல் ஆள் வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாதையை மூடிய பிறகே வேலை செய்ய வேண்டும்.

காவல் ஆளுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். ‘சும்மாதானே நிற்கிறாய், இந்தக் கம்பியைப் பிடி’ என்று சொன்ன அந்த நிமிடமே குழுவுக்குக் காவல் இல்லாமல் போகிறது.

4. வேலை நடக்கும்போது

• பளிச்சென்று தெரியும் மேலாடை, பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம் அணியுங்கள். காதையும் பக்கவாட்டுப் பார்வையையும் மறைக்கும் மழைத்தொப்பி வேண்டாம்.
• கைப்பேசியும் காதொலிக் கருவியும் பைக்குள் இருக்கட்டும். பேச வேண்டுமென்றால் வேலிக்கு வெளியே வந்து பேசுங்கள்.
• தண்டவாளத்தின் மேல் காலை வைக்காதீர்கள், தாண்டிச் செல்லுங்கள். மழைக்குப் பின் அது மிகவும் வழுக்கும்.
• தண்டவாளம் பிரியும் இடத்தில் காலையோ கையையோ நுழைக்காதீர்கள். தொலைவில் இருந்து இயக்கும்போது அது நகர்ந்து காலைக் கவ்விவிடும்.
• நிற்கும் சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் புகாதீர்கள். இரு பெட்டிகளுக்கு நடுவிலும் கடக்காதீர்கள். அது எந்த நேரமும் நகரலாம்.
• எச்சரிக்கை கேட்டதும் கையை உயர்த்திக் காட்டுங்கள். காவல் ஆளுக்கு அதுதான் உங்கள் பதில். உடனே ஒதுங்குங்கள். மறந்த கருவிக்காகத் திரும்பாதீர்கள்.
• ஒரு பாதையிலிருந்து அடுத்த பாதைக்கு நகர்வது ஒதுங்குவது ஆகாது. இரண்டு பாதைகளையும் விட்டு விலகுங்கள்.
• ரயில் கடந்ததும் தானாக இறங்காதீர்கள். ‘பாதை சரி’ என்ற அறிவிப்பு வந்த பிறகே இறங்க வேண்டும்.

எவ்வளவு தள்ளி நிற்பது? நம் நாட்டில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் ஒரு மீட்டர்தான். ஆனால் ரயில் பெட்டி ஒவ்வொரு பக்கமும் தண்டவாளத்துக்கு வெளியே முக்கால் மீட்டருக்கும் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும். வேகமாகப் போகும் ரயிலின் காற்றும் ஆளைத் தள்ளாட வைக்கும். குறைந்தது 3 மீட்டர், அதாவது நான்கு நல்ல எட்டு தள்ளி நில்லுங்கள்.

5. செம்பனைத் தோட்டத்தாருக்கு: மேலே பாருங்கள்

25,000 வோல்ட் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை. உடலோ கருவியோ மிக நெருங்கினாலே மின்சாரம் காற்றில் பாய்ந்து தாக்கும். உடலும் கருவியும் கம்பியிலிருந்து எப்போதும் 3 மீட்டருக்கு மேல் விலகியே இருக்கட்டும்.

உயரமான செம்பனையில் குலை அறுக்கப் பயன்படும் நீண்ட அலுமினியக் கழியை நினைத்துப் பாருங்கள். அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அறுக்கும்போது கழி சாய்ந்தாலும், கண் முழுவதும் குலையின் மேலேயே இருப்பதால் பக்கத்தில் உள்ள கம்பி நினைவில் இருக்காது. வேலி ஓர வரிசைகளில் உள்ள மரங்களுக்கு அடையாளம் இட்டு, அங்கே எப்படி அறுப்பது என்பதைத் தோட்ட நிர்வாகம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மின்சாரத்தை நிறுத்தாமல் அறுக்க முடியாத மரமென்றால் அதைத் தொடாதீர்கள். கழியைப் படுக்கையாகவே தூக்கிச் செல்லுங்கள்.

மட்டையோ குலையோ வேலிக்குள் விழுந்தால் விட்டுவிடுங்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். ஒரு குலைக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். ஏணி, இரும்புக் குழாய், மீன் தூண்டில், நனைந்த பட்டக் கயிறு ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

6. உடம்பு தயாரா?

பாதுகாப்பு விதிகளை நினைவில் வைத்து நடக்கத் தெளிந்த தலை வேண்டும். வேலைக்குப் போகும் முன் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

தூக்கம்: இரவு வேலையும் மறுநாள் பகல் வேலையும் சேர்ந்து வருகிறதா? தூக்கம் குறைந்தால் எச்சரிக்கை கேட்டும் உடல் அசையத் தாமதமாகும்.

மருந்து: சளி, அரிப்பு மாத்திரைகள் சில தூக்கத்தைத் தரும். ‘இதைச் சாப்பிட்டு இயந்திரத்தில் வேலை செய்யலாமா?’ என்று கிளினிக்கிலேயே கேளுங்கள்.

மது: முந்தின இரவு அதிகம் குடித்தவரின் உடலில் காலையிலும் மது தங்கியிருக்கும். தூங்கி எழுந்தாலோ காப்பி குடித்தாலோ அது உடனே போய்விடாது. அப்படி வந்தவரைத் தண்டவாளத்துக்கு அனுப்பாதீர்கள். அது அவருக்கு நண்பர் செய்யும் உதவி.

நீரிழிவு: மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. இன்சுலின் அல்லது மாத்திரை எடுத்துக்கொண்டு பசியாறாமல் வேலைக்குப் போனால் இனிப்பின் அளவு இறங்கி, வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். பையில் இனிப்பு வைத்திருங்கள். மேற்பார்வையாளருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வெயில்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை கெடாவில் வறட்சியும் வெப்பமும் அதிகம். சரளைக் கல்லும் இரும்பும் அந்தச் சூட்டை மேலும் கூட்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி நீர் அருந்துங்கள். பேச்சுக் குழறி, குழப்பத்துடன் நடப்பவரை நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்து விசிறுங்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.

காதும் கண்ணும்: நெடுநாள் இயந்திரச் சத்தத்தில் வேலை செய்தவருக்குக் கேட்கும் திறன் மெல்லக் குறையும். அது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

7. விபத்து நேர்ந்தால்

முதலில் மற்ற ரயில்களை நிறுத்த வேண்டும். மேற்பார்வையாளருக்கோ அருகிலுள்ள நிலையத்துக்கோ தகவல் சொல்லி, 999-ஐ அழையுங்கள். அருகில் உள்ள நிலையத்தின் பெயரையும் பக்கத்துத் தூணில் உள்ள எண்ணையும் சொன்னால் உதவி விரைவில் வந்து சேரும்.

ஒருவரை மின்சாரம் தாக்கியிருந்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். மரக்கட்டை, ரப்பர்க் காலணி எதுவும் 25,000 வோல்ட்டுக்குக் காப்பு ஆகாது. கம்பி அறுந்து தரையில் கிடந்தால் 10 மீட்டருக்கு மேல் விலகி நில்லுங்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று ரயில்வே தரப்பு உறுதி சொன்ன பிறகே அருகில் செல்ல வேண்டும். அதன் பின் மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள்.

முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைச் சொக்சோவிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தாரா என்று குடும்பத்தார் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விபத்தைக் கண்ணால் பார்த்தவருக்குத் தூக்கமின்மை, பதற்றம் நாள்கணக்கில் தொடரலாம். அது கோழைத்தனம் அல்ல. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மனவேதனையில் தண்டவாளத்துப் பக்கம் போகும் எவரைப் பற்றியும் கவலை எழுந்தால், அவருடன் பேச்சுக் கொடுங்கள், தனியே விடாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

8. பாதை ஓரத்தில் வசிப்போருக்கு

இரட்டைப் பாதை போட்டபோது சாலைக் கடவைகளுக்குப் பதிலாக மேம்பாலங்கள் கட்டப்பட்டன. மேம்பாலம் தூரம் என்பதால் சிலர் வேலியில் ஓட்டை போட்டுக் குறுக்கு வழியில் கடக்கிறார்கள். அனுமதியின்றிப் பாதைக்குள் நுழைவது குற்றம். அதைவிட முக்கியம், அந்த ஓட்டையைப் பள்ளிப் பிள்ளையும் பார்க்கிறது. பெரியவர் கடந்த வழியில்தான் பிள்ளையும் கடக்கும். ஓட்டையைக் கண்டால் நிலையத்தில் சொல்லுங்கள்.

மாடோ ஆடோ பாதைக்குள் போய்விட்டால் பின்னால் ஓடாதீர்கள். நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.

9. குழுவாகப் பேசிப் பாருங்கள்

அ. சரக்கு ரயில் இப்போதுதான் கடந்தது. காவல் ஆள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இறங்கலாமா?
கூடாது. அடுத்த பாதையில் வேறு ரயில் வரலாம். அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

ஆ. குத்தகையாளர் சொல்கிறார்: ‘காவல் ஆள் வரவில்லை, நீங்களே ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.’ என்ன செய்வீர்கள்?
வேலையைத் தொடங்காமல் வேலிக்கு வெளியே நில்லுங்கள். குனிந்து வேலை செய்பவரால் 780 மீட்டருக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இ. நண்பரின் அலுமினியக் கழி கம்பியில் பட்டு அவர் விழுந்து கிடக்கிறார். முதல் வேலை என்ன?
தொடாமல் விலகி நின்று, மற்றவர்களையும் தடுத்து, 999-ஐயும் நிலையத்தையும் அழைப்பது.

மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் வரை இதைத் திரும்பப் படியுங்கள். பிறகு இரண்டாம் பகுதியின் ஐந்து கேள்விகளையும் ஓர் அட்டையில் எழுதி, கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள்.