"கல்யாணம் எப்போ?" – இது இன்டர்வியூ கேள்வியா?

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு நண்பர்களே! போன மாசம் ஒரு கம்பெனியோட ஹெச்.ஆர். ரவுண்டில் என் கிளாஸ்மேட்கிட்ட கேட்ட கேள்வி: "கல்யாணம் எப்போ பண்ணிக்கப் போறீங்க?" அவளுக்கு அடுத்து உள்ளே போன என்கிட்ட கேட்டது: "அஞ்சு வருஷத்துல எந்தப் பொறுப்புல இருக்க ஆசைப்படுறீங்க?" வெளியே வந்து ரெண்டு பேரும் பேசிக்கிட்டப்போதான் வித்தியாசம் தெரிஞ்சது.

பாலினப் பாகுபாட்டில் இருக்கிற சிக்கலே இதுதான். "நீ பொண்ணு, அதனால வேலை இல்லை"ன்னு யாரும் நேரா சொல்ல மாட்டாங்க. விதியாவோ, அக்கறையாவோ, வழக்கமாவோதான் அது வரும். அதைக் கண்டுபிடிக்க மூணு கேள்வி போதும்.

1. இதே விதி ஆணுக்கும் உண்டா?

1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. அந்தப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் பண்ணிக்க அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கணும்னு விதி இருந்தது. குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்குதுன்னு அரசு நினைச்சா, ராஜினாமா செய்யவும் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்கு மட்டும் குடும்பம் இல்லையா? முத்தம்மா கோர்ட்டுக்குப் போனார். 1979-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி கிருஷ்ணய்யர் இந்த விதிகளைக் கடுமையா விமர்சித்தார்.

2. கேட்பது வேலைக்குத் தேவையானதா?

ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லைன்னு 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கம்பெனி அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. நம்ம திண்டுக்கல் பக்கம் இது புதுசு இல்லை. பஞ்சு மில்களில் 'சுமங்கலித் திட்டம்'னு கல்யாணமாகாத பொண்ணுங்களை சுமார் மூணு வருஷ ஒப்பந்தத்தில் எடுத்தாங்க. முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமா பணம் தர்றோம்னு சொன்னாங்க. இங்கே வேலையைத் தீர்மானிச்சது கைத்திறமை இல்லை, கழுத்தில் தாலி இருக்கா இல்லையாங்கறதுதான்.

3. வேலை ஒண்ணு, கூலி வேறயா?

இதுக்கு எங்க ஆயக்குடிக்கே வரலாம். சீசனில் தாத்தாவோட கொய்யாத் தோப்புக்குக் கூலி நோட்டு எழுதறது நான்தான். ஆம்பளக் கூலி, பொம்பளக் கூலின்னு ரெண்டு வரிசை. பெட்டி தூக்கி வண்டியில ஏத்துற ஆளுக்குக் கூடுதல் கூலின்னா, அது வேற வேலைக்கு வேற கூலி. ஆனா பக்கத்துப் பக்கத்துல நின்னு காய் பறிக்கிற ரெண்டு பேருக்கும் வேற கூலின்னா? 1976 சம ஊதியச் சட்டமும், அதோட இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்றது இதைத்தான்: ஒரே வேலைக்கோ, ஒரே மாதிரியான வேலைக்கோ ஆண், பெண்னு பார்த்துக் கூலியைக் குறைக்கக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் பாகுபாடு கூடாது.

சரி, கண்டுபிடிச்சதும் என்ன செய்யலாம்?

தேதி, கேட்ட வார்த்தை, கூட இருந்தவங்க பேர் எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வைங்க. கூட வந்த பசங்ககிட்ட என்ன கேட்டாங்கன்னு விசாரிங்க. ஒரு கேள்வியை மட்டும் வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்த்தாதான் விஷயம் வெளியே வரும். அதனால பசங்களா, இதில் நமக்கும் வேலை இருக்கு. நம்மகிட்ட என்ன கேட்டாங்க, எவ்வளவு சம்பளம் சொன்னாங்கன்னு மறைக்காம சொல்லணும்.

நானும் போன வாரம் நோட்டைக் காட்டி தாத்தாகிட்ட கேட்டேன். "காலங்காலமா இப்படித்தான்யா"ன்னார். "பறிக்கிற வேலையில என்ன வித்தியாசம் தாத்தா?"ன்னு திரும்பக் கேட்டேன். இன்னும் பதில் வரலை. அடுத்த சீசன் நோட்டை நான் எழுதறதுக்குள்ள பதில் வாங்கிடணும்.