கேமிங் மானிட்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல கிராபிக்ஸ் கார்டைப் பாருங்க, அப்புறம் வருமானம் வர்ற விதத்தைப் பாருங்க

லோன், இன்சூரன்ஸ், ஆர்டி-ன்னு பேசுற சேனல்ல இன்னைக்கு மானிட்டரான்னு யோசிக்காதீங்க. பழவேற்காடு பக்கம் தோணிரேவுல இருந்து ஒரு தம்பி அனுப்பின கேள்வி இது. கையில 14,000 ரூபாய் சேர்த்து வெச்சிருக்கார். அவர் கேட்கிற 27 இன்ச், 2கே, 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் 24,000. அண்ணனோட கிரெடிட் கார்டுல ஆறு மாசம் "நோ காஸ்ட் இஎம்ஐ" போடலாமான்னு கேட்கிறார். கம்ப்யூட்டர்ல இருக்கிறது ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. அப்பா ஏரியில இறாலும் நண்டும் பிடிக்கிறவர்.

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். வேண்டாம் தம்பி. 24 இன்ச், ஃபுல் எச்டி, 144 இல்லைன்னா 165 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் பேனல். கையில இருக்கிற காசுக்குள்ளயே முடிஞ்சிடும். ஏன்னு பார்ப்போம்.

மானிட்டர் தானா படம் போடாது. ஒவ்வொரு ஃபிரேமையும் கிராபிக்ஸ் கார்டு வரைஞ்சு கொடுக்கணும். ஃபுல் எச்டி-ன்னா ஒரு ஃபிரேமுக்கு 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். கடையில 2கே-ன்னு சொல்ற 2560 × 1440-ல 36.9 லட்சம். 4கே-ல 82.9 லட்சம். 2கே-க்குப் போனா அதே கார்டுக்கு வேலை முக்கால் பங்கு கூடிடும். ஃபுல் எச்டி-லயே 1650 கார்டு வாலோரண்ட் மாதிரி லேசான கேமைத்தான் நல்லா ஓட்டும். புது கனமான கேம்ல செட்டிங்ஸைக் குறைச்சாத்தான் வழிக்கு வரும். அதுகிட்ட 2கே மானிட்டரைக் கொடுத்தா, சின்ன எஞ்சினைப் பெரிய படகுல மாட்டின கதைதான்.

அடுத்தது ஹெர்ட்ஸ். ஒரு செகண்டுல திரை எத்தனை தடவை புதுசாகுதுங்கிற கணக்கு. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 16.7 மில்லிசெகண்ட். 144-ல அது 6.9. கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் மிச்சம்; மவுஸை அசைக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். 144-ல இருந்து 240-க்குப் போனா மிச்சம் ஆகுறது 2.8 மட்டும்தான். முதல் படிக்குக் கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டு. ரெண்டாவது படி போட்டிக்கு ஆடுறவங்களுக்கு.

பெட்டி மேல "1 எம்எஸ்"-ன்னு பெருசா போட்டிருப்பாங்க. அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அளக்கிற முறையே ஒவ்வொரு பெட்டியிலயும் வேற வேற. பேனல் எதுன்னு கேளுங்க. விஏ-ல கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும், ஆனா இருட்டுக் காட்சி வேகமா நகரும்போது சில மாடல்ல நிழல் மாதிரி இழுக்கும். ஐபிஎஸ்-ல நிறமும் பார்வைக் கோணமும் நல்லா இருக்கும். ஃப்ரீசிங்க் இருக்கான்னும் பாருங்க. 2019 ஜனவரியில இருந்து என்விடியா கார்டுலயும் இந்த வசதி வேலை செய்யுது (1650-க்கும் சேர்த்துதான், டிஸ்ப்ளேபோர்ட் வழியா). ஃபிரேம் ஏறி இறங்கும்போது படம் கிழியாது. குறைஞ்ச கார்டு வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் இது ரொம்ப உதவி.

இப்போ நம்ம பாடத்துக்கு வருவோம். 24,000-க்கு ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 4,000. வங்கி வட்டி வருஷத்துக்கு 15%-ன்னு வெச்சுக்கோங்க. உள்ளுக்குள்ள வட்டி சுமார் 1,016 ரூபாய். அதைத்தான் கடை "டிஸ்கவுன்ட்"-ன்னு முன்னாடியே கழிச்சுக் காட்டுது. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 183 ரூபாய் உங்க தலையில. பிராசஸிங் ஃபீ 199-ன்னா வரியோட 235. ஆக 418 ரூபாய் "நோ காஸ்ட்". ரொக்கத்துக்குக் கடைக்காரர் குறைச்சிருக்கக் கூடிய தொகை தனி. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, ஜீரோ பர்சன்ட் வட்டிங்கிற ஒண்ணே கிடையாது, வட்டியை ஃபீஸ்ல மறைச்சு வாங்குறாங்கன்னு சொல்லி அந்தத் திட்டங்களைத் தடுத்துச்சு.

418 ரூபாய் பெரிய விஷயம் இல்லதான். பெரிய விஷயம் தேதி. மாசச் சம்பளக்காரருக்கு 4,000 ரூபாய் ஒரு செலவு. ஏரியை நம்பின வீட்டுல அப்படி இல்ல. முகத்துவாரம் மணல் அடைச்சுக்கிட்டா மீன் வரத்து குறையும். சில ஊர்கள்ல பாடு முறைப்படி முறை வந்தாத்தான் வலை கட்ட முடியும். கடல்ல விசைப்படகுக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். வருமானம் மொத்தமா வரும், அப்புறம் நிக்கும். கார்டு பில் அப்படி நிக்காது. ஒரு மாசம் தவறினா லேட் ஃபீ, வட்டி, அதோட அண்ணனோட சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். நாளைக்கு அவர் படகு இஞ்சினுக்கு லோன் கேட்கும்போது இந்த மானிட்டர் குறுக்கே நிக்கக் கூடாது.

வாங்கும்போது ரெண்டு விஷயம். வாரண்டி வீட்டுக்கே வந்து பார்க்கிறதா, நாம தூக்கிட்டுப் போகணுமா, உங்க பின்கோடுக்கு ஆள் வருவாங்களான்னு கேட்டுட்டு பில் போடுங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல 500 ரூபாய் குறைவா கிடைச்சாலும், பழுதானா பொன்னேரி வழியா பஸ்ல பெட்டியைத் தூக்கிட்டுச் சென்னைக்கு அலையுற செலவு அதுல தெரியாது. உப்புக்காத்து அடிக்கிற ஜன்னல் ஓரத்துல வைக்காதீங்க, போர்ட் எல்லாம் பச்சை பூத்துடும்.

வீட்டுக்கு வந்து மாட்டினதும் பெட்டியில வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் போடுங்க. விண்டோஸ் பல சமயம் 60 ஹெர்ட்ஸ்லயே நின்னுடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 144-ஐ நீங்களே தேர்ந்தெடுக்கணும். காசு கொடுத்து வாங்கிட்டு இதை மாத்தாமலே ஆடிட்டு இருக்கிறவங்க நிறைய பேர்.