வசூல் பணம் மேனேஜரின் நம்பருக்குப் போனால்?

கேள்வி: மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாங்கிப் புதுச்சேரி கடைகளுக்குச் சப்ளை செய்கிறேன். லோடு ஏற்றுவது, பில் போடுவது, வசூல் எல்லாம் பல வருடமாக ஒரே மேனேஜர்தான். சில கடைக்காரர்கள் அவருடைய சொந்த நம்பருக்கே ஜிபே செய்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. சம்பளத்தை நிறுத்தி, வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். எந்த ஊர் போலீசுக்குப் போவது? கடைக்காரர்களிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வியாபாரி, கோட்டக்குப்பம்

பதில்: அந்த வெள்ளைத்தாளை எங்கும் நீட்டாதீர்கள். மிரட்டி வாங்கியது என்று அவர் சொன்னால், புகார் கொடுத்த நீங்கள் கூண்டில் நிற்பீர்கள். சம்பளத்தை முழுவதும் நிறுத்துவதும் தவறு. அவர் பொறுப்பில் விட்ட பணம் குறைந்தால் பிடித்தம் செய்யலாம். ஆனால் விளக்கம் கேட்டபின், மொத்தப் பிடித்தம் பாதிச் சம்பளத்தைத் தாண்டாமல்.

ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 316(4), பொய்க்கணக்குக்கு 344. இரண்டுக்கும் ஏழாண்டு வரை சிறை. வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றாமல் விடுவதும் 344இல் அடங்கும். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 408, 477ஏ. கடை புதுச்சேரியில், கணக்கு இங்கே என்று இரு பக்கமும் உங்களை அலையவிட முடியாது. பணம் பெறப்பட்ட இடம், கணக்கு ஒப்படைக்க வேண்டிய இடம் இரண்டிலும் வழக்கு நடத்தலாம். கோட்டக்குப்பம் காவல் நிலையத்திலேயே கொடுங்கள்.

கடைக்காரர்கள் விஷயம்தான் சிக்கல். பல வருடமாக அவரையே வசூலுக்கு அனுப்பியது நீங்கள். உங்கள் ஆள் என்று நம்பிக் கொடுத்தவரிடம் இரண்டாம் முறை கேட்க, ஒப்பந்தச் சட்டம் 237 குறுக்கே நிற்கும். இனி நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம் என்று ஒவ்வொரு கடைக்கும் இன்றே எழுத்தில் தெரிவித்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் பாக்கி விவரத்தை உங்கள் போனிலிருந்து நீங்களே அனுப்புங்கள். வித்தியாசம் இருந்தால் கடைக்காரரே கூப்பிடுவார்.

பில் போடுபவர் கையில் வசூல் வேண்டாம். எடைமேடைச் சீட்டு எண் பில்லில் ஏறட்டும். லீவே எடுக்காதவரை நம்பிக்கையானவர் என்று பாராட்டாதீர்கள். வேறொருவர் அந்த இருக்கையில் அமரும்போதுதான் மறைத்தது வெளியே வரும். 2018இல் வெளிவந்த மும்பை பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடிப் புகாரில், பல ஆண்டுகள் ஒரே இருக்கையில் இருந்தவர் ஓய்வுபெற்று, புதியவர் வாடிக்கையாளரிடம் ரொக்க ஈடு கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பதினான்காயிரம் கோடியை நெருங்கிய விவகாரம் அது!

நீதிமன்றத்தில் 'நம்பி விட்டேன்' என்பது செல்லாது. வசூல் பொறுப்பு அவருடையது என்று காட்ட வேண்டும். நியமனக் கடிதம் இல்லாவிட்டால் சம்பள வவுச்சர், வசூல் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள் உதவும். அந்தச் செய்திகள் இருக்கும் போனை மாற்றிவிடாதீர்கள். பணத்தை மீட்கும் சிவில் வழக்குக்கு, மோசடி தெரிந்ததிலிருந்து மூன்றாண்டு அவகாசம்.

பணத்தைக் கட்டினால் 316(4)ஐ நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யலாம். 344க்கு அந்த வழி இல்லை. பேசித் தீர்க்கும் எண்ணமிருந்தால், புகார் எழுதுமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.