எழுத அஞ்சுவானேன்?

நம் இதழுக்குக் கட்டுரை வேண்டி அன்பர்களை அணுகும்போதெல்லாம் நாம் பெறும் விடை பெரும்பாலும் ஒன்றே: "எனக்குப் பேச வரும், எழுத வராது." இவ்வாறு கூறுவோர் கல்லாதவர் அல்லர். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோரும், ஆண்டுக்கணக்காக ஆலயத்தில் நூல்களைப் படித்துப் பொருள் சொல்லி வருவோரும் இதனையே கூறுகின்றனர். ஆகவே குறை அறிவில் இல்லை, அச்சத்தில் உள்ளது. அவ்வச்சத்தைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவரைக் கண்டோம். திண்ணையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். மழை பொய்த்த ஓர் ஆண்டில் ஜினாலயத்துக் கிணறு வற்றிப்போக, அபிஷேகத்திற்கு யார் வீட்டுக் கிணற்றிலிருந்து நீர் வந்தது என்று சொன்னார். அறுவடை நாட்களில், கதிரவன் மறையுமுன் அனைவரும் உண்டு முடிக்க வேண்டும் என்பதற்காக அவர் தாயார் களத்துமேட்டிற்கே சோற்றுப் பானையைச் சுமந்து வந்ததைச் சொன்னார். கேட்கக் கேட்க நமக்கு எழுந்து வர மனமில்லை.

"இவற்றை அப்படியே எழுதித் தாருங்கள், ஐயா" என்றோம். ஒரு திங்கள் கழித்து அரைப்பக்கம் வந்தது. பண்டைப் பெருமையும் எழிலும் புகழும் ஒருங்கே பெற்றது எம் ஊர் என்று அது தொடங்கியது. அவ்வாறே முடிந்தும் விட்டது. அதில் கிணறு இல்லை, களம் இல்லை, தாயாரும் இல்லை. ஊரின் பெயரை மாற்றிவிட்டால் எந்த ஊருக்கும் அது பொருந்தும். பிழை நேர்ந்தால் படித்தவர் நகைப்பரே என்றஞ்சி, தம் சொற்களை விட்டுப் பிறர் சொற்களை இரவல் வாங்கிவிட்டார் அப்பெரியவர். எழுத்தைத் தடுப்பதும் அச்சமே. துணிந்து எழுதியபோது அதனைச் சாரமற்றதாக ஆக்குவதும் அவ்வச்சமே.

எழுத்துப்பிழைக்கு நாம் இவ்வளவு அஞ்ச வேண்டுமா? நம் முன்னோரான பவணந்தி முனிவரையே கேட்போம். 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்ட அவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என வகுத்துள்ளார். அப்பத்தையும் எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பிழையான சொல்லைச் சேர்த்தல் என்பது அவற்றுள் ஒன்றே ஒன்று. ஏனைய ஒன்பதும் சொல்லும் செய்தியையும் அதனைச் சொல்லும் முறையையும் பற்றியவை. வெற்றெனத் தொடுத்தல் என்றொரு குற்றம் அதில் உண்டு. பயனற்ற சொற்களைக் கோத்துச் செல்வது அது. நம் பெரியவரின் அரைப்பக்கத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இக்குற்றம் முழுமையாக இருந்தது! பத்தில் ஒன்றுக்கு அஞ்சி மற்றொன்றில் வீழ்ந்தார். ஒற்று மிகுமா மிகாதா என்னும் ஐயம் நமக்கும் நாள்தோறும் வருகின்றது. அதனை யாரும் திருத்தித் தரலாம். களத்துமேட்டுச் சோற்றுப் பானையை வேறு எவர் எழுதித் தர இயலும்?

நம் ஆகமமே எழுத்தில் ஏறிய வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. கிர்நார் மலையின் சந்திரகுகையில் இருந்த தரசேனாசாரியருக்கும் ஓர் அச்சம் இருந்தது. நினைவில் மட்டும் நின்ற ஆகம அறிவு தம்மோடு அற்றுவிடுமோ என்பதே அது. புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்க்கு அவர் அதனை ஓதுவித்தார். புட்பதந்தர் முழுநூலும் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. தொடக்கப் பகுதியாகிய 177 சூத்திரங்களை எழுதி, ஜினபாலிதர் வாயிலாகத் திராவிட நாட்டிலிருந்த பூதபலியிடம் அனுப்பினார். எஞ்சியதைப் பூதபலி எழுதி முடித்தார் என்பது மரபு. அதுவே ஷட்கண்டாகமம். சுருத பஞ்சமியன்று நாம் ஏடுகளை வைத்து வழிபடுவது அந்நிறைவை எண்ணியே. தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் மற்றொருவர் என்பதை அன்பர்கள் கருத்தில் கொள்க.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன், விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். அவர்கள் அறிந்திருந்ததை ஒருவர் தேடி வந்து கேட்டதால் அது பயன்பட்டது. நம் ஒவ்வோர் ஊருக்கும் அத்தகைய ஒருவர் வருவார் என்று காத்திருக்கலாமா? இளையோர் சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்த பின், பல வீடுகளில் பழஞ்செய்தி அறிந்தவர் ஒருவரோ இருவரோதாம்.

இனி எழுதும் முறை. அறிஞர் அவையை மனத்தில் கொண்டு எழுத வேண்டா. பேரனோ பேத்தியோ எதிரில் அமர்ந்திருப்பதாக எண்ணி எழுதுக. கண்ட ஒன்றிலிருந்து தொடங்குக. ஊரின் பெருமை பின்னர்த் தானே வரும், வராவிடினும் குறையில்லை. எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நாளில் செய்யற்க. எழுதும்போதே அடித்துக்கொண்டிருந்தால் மூன்றாம் வரியில் பேனா நின்றுவிடும். இது நம் சொந்த அனுபவம். மூன்று நாள் சென்று உரக்கப் படித்துப் பார்க்குங்கால், மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்கலாம். எவ்வூருக்கும் பொருந்தும் வரி எதுவாயினும் அதனை நீக்கிவிடலாம். ஆண்டு நினைவில் இல்லையெனில் ஊகித்து எழுத வேண்டா. "அம்மை திருமணத்திற்கு முந்திய ஆண்டு" என்றே எழுதுக. வாய்மைக்கும் அது ஏற்றது, படிக்கவும் இனிது.

அப்பெரியவருக்கு மீண்டும் எழுதினோம். நீங்கள் சொல்லுங்கள், பேத்தி எழுதட்டும் என்றோம். எட்டாம் வகுப்பில் படித்த அச்சிறுமி பள்ளி நோட்டில் ஏழு தாள்கள் எழுதி அனுப்பினாள். றகர ரகரங்கள் பல இடங்களில் இடம் மாறிக் கிடந்தன. திருத்த நமக்கு அரைமணி நேரம் ஆயிற்று. கிணறு வந்துவிட்டது, களம் வந்துவிட்டது, பானையும் வந்துவிட்டது. பானையின் வாயில் அவர் தாயார் வாழையிலையைக் கட்டிக் கொண்டுவருவார் என்பது, நம்மிடம் பேசியபோது அவர் சொல்லாத புதுச் செய்தி. ஏழாம் தாளின் அடியில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: "தாத்தா தூங்கிவிட்டார். மீதி நாளைக்கு."