ஆயத்து இறங்கிய வேளையும் நாம் ஓதும் வேளையும்

திருமறையின் ஒரே ஆயத்தை ஒரே வாரத்தில் இரண்டு பேர் நம்மிடம் கொண்டு வந்தார்கள்.

முதலாமவர் கோவை உக்கடம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் இந்து நண்பர். கைப்பேசியில் வந்த படம் ஒன்றைக் காட்டி, "பாய், உங்க வேதத்துல இப்படித்தான் சொல்லியிருக்குதுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இரண்டாமவர் நம் மஹல்லாவின் வாலிபர். அவரும் அதே வரியைக் காட்டி, "ஹஜ்ரத், குர்ஆனிலேயே இப்படி இருக்கும்போது நாம் ஏன் பொறுத்துக்கொண்டே போக வேண்டும்?" என்றார். ஒருவருக்கு அச்சம், மற்றவருக்கு ஆத்திரம். இருவர் கையிலும் இருந்ததோ முன்னும் பின்னும் அறுக்கப்பட்ட அரை வசனம்!

அது தவ்பா அத்தியாயத்தின் 5-ஆம் வசனம். இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லுமாறு கூறும் பகுதி மட்டும் அதிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டிருந்தது.

குர்ஆன் ஷரீப் ஒரே நாளில் முழு நூலாக இறங்கவில்லை. ஏறத்தாழ 23 ஆண்டுக் காலத்தில், நிகழ்ச்சிகளுக்கும் கேள்விகளுக்கும் ஏற்பச் சிறிது சிறிதாக இறங்கியது. எந்த ஆயத்து எதன் பொருட்டு இறங்கியது என்று கூறும் கல்விக்கு 'அஸ்பாபுன் நுஸூல்' என்று பெயர். இமாம் வாஹிதீ (ரஹ்), இமாம் ஸுயூத்தி (ரஹ்) போன்ற பெரியோர்கள் இதற்கெனத் தனி நூல்களே எழுதி வைத்தார்கள்.

இக்கல்வி எதற்கு? ஹஜ்ரத் உர்வா (ரஹ்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகன், பெரும் அறிஞர். ஸஃபா, மர்வாவைச் சுற்றி வருவதில் குற்றமில்லை என்ற கருத்தில் வரும் ஆயத்தை (2:158) ஓதிய அவர்கள், அப்படியானால் சுற்றாமல் விட்டாலும் குற்றமில்லைதானே என்று எண்ணினார்கள். அன்னையார் அதைத் திருத்தினார்கள். இஸ்லாத்திற்கு முன் மனாத் என்ற சிலையை வணங்கி வந்த அன்ஸாரிகள், அந்த இரு குன்றுகளுக்கிடையே செல்லக் கூசினார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்கவே இவ்வாசகம் இறங்கியது என்று விளக்கினார்கள். அரபு மொழி தாய்மொழியாக வாய்த்த தாபியீக்கே பின்னணி தெரியாமல் பொருள் மாறிப்போயிற்று என்றால், கைப்பேசியில் ஒற்றை வரி படிக்கும் நம் நிலை என்ன?

இப்போது தவ்பா அத்தியாயத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில் நாயகம் (ஸல்) அவர்களும் மக்கத்துக் குறைஷியரும் பத்தாண்டுச் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆனால் குறைஷியரின் கூட்டாளிகளான பனூ பக்ரு கூட்டத்தார், நபியவர்களின் நேசக் கூட்டமான குஸாஆவினரைத் தாக்கினார்கள். குறைஷியர் அதற்குத் துணைபோனார்கள். உடன்படிக்கை முறிந்தது. ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றி கிட்டியது. ஹிஜ்ரி 9-ல் ஹஜ்ஜுக்கு அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் தலைமை தாங்கிச் சென்றபோது, அலி (ரலி) அவர்கள் இந்த அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை மக்களுக்கு அறிவித்தார்கள்.

அவ்வசனங்களைச் சேர்த்து ஓதிப் பாருங்கள். 2-ஆம் வசனம் நான்கு மாதத் தவணை தருகிறது. 4-ஆம் வசனம் உடன்படிக்கையைக் காத்து நடந்தவர்களை விலக்கி, அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றச் சொல்கிறது. 6-ஆம் வசனம், இணைவைப்பவர் ஒருவர் அடைக்கலம் கேட்டால் இறைவாக்கைக் கேட்கச் செய்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. 13-ஆம் வசனம், அவர்களே சத்தியத்தை முறித்து முதலில் தாக்கியவர்கள் என்று காரணத்தையும் கூறுகிறது.

5-ஆம் வசனத்தின் சட்ட எல்லை பற்றி முஃபஸ்ஸிர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் போர் என்பது ஆட்சித் தலைமையின் பொறுப்பு என்றும், பாதுகாப்பு வாக்குறுதியை முறிப்பது பெரும் பாவம் என்றும் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. பக்கத்துக் கடைக்காரர் மீது பாய்வதற்கு இந்த ஆயத்தில் இடமே இல்லை.

வாலிபரின் ஆத்திரத்துக்கு வேறொரு ஆயத்து மருந்தாகும். அது மாயிதா அத்தியாயத்தின் 2-ஆம் வசனம். ஹுதைபிய்யாவில் சுமார் 1400 ஸஹாபாக்கள் கஅபாவைக் காண விடாமல் தடுக்கப்பட்டு மனம் வெந்து நின்றார்கள். அவ்வேளை கிழக்கிலிருந்து வேறு சில இணைவைப்போர் உம்ரா செய்ய அவ்வழியே சென்றார்கள். 'இவர்களின் தோழர்கள் நம்மைத் தடுத்ததுபோல் நாம் இவர்களைத் தடுப்போம்' என்று ஸஹாபாக்கள் கருதியபோது இவ்வசனம் இறங்கியது என்று ஸைத் இப்னு அஸ்லம் (ரஹ்) அவர்களின் அறிவிப்பை இமாம் இப்னு கஸீர் (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். புனிதப் பள்ளியை விட்டு உங்களைத் தடுத்தார்கள் என்ற வெறுப்பு, வரம்பு மீற உங்களைத் தூண்டிவிடக் கூடாது என்பதே அதன் கருத்து.

கவனியுங்கள்! ஸஹாபாக்களுக்கு நேர்ந்த அநீதி உண்மையானது. அல்லாஹ் அதை மறுக்கவில்லை. ஆனால் தடுத்தவர் ஒருவர், வழியில் சென்றவர் வேறொருவர். ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைப் பிடிப்பதைத்தான் தடுத்தான்.

கோவையில் வாழும் நமக்கு இப்பாடம் ஏட்டுப் பாடம் அல்ல. 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தார்கள். 1998 பிப்ரவரி 14-ல் தொடர் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போயின. சிலர் செய்த கொலைக்கு அதில் சம்பந்தமில்லாத முஸ்லிம்கள் பலியானார்கள். அதற்குப் பழி என்று, கலவரத்தில் சம்பந்தமில்லாத மக்கள் பலியானார்கள். ஹுதைபிய்யாவில் அல்லாஹ் அடைத்த வாசலை இங்கே மனிதர்கள் திறந்தார்கள். அதன் வேதனையை இரு தரப்புத் தாய்மார்களும் சுமந்தார்கள். 2022 அக்டோபரில் கோட்டைமேட்டில் கோயில் அருகே கார் வெடித்தபோது, ஜமாஅத்தார் அக்கோயிலுக்கே சென்று நிர்வாகிகளைச் சந்தித்து நல்லுறவை உறுதி செய்தார்கள். ஆயத்தின் பாடத்தைக் கற்றவர் செயல் இதுவே.

"அப்படியானால் அந்த ஆயத்துகள் அக்காலத்தோடு முடிந்தனவா?" என்று கேட்கலாம். இல்லை. இறங்கிய காரணம் குறிப்பானதாயினும் வாசகத்தின் பொதுமையே கவனிக்கப்படும் என்பது உலமாக்களின் விதி. காரணம் நமக்குப் பொருளைத் தெளிவாக்குகிறது. பொருள் தெளிந்தபின் அதே போன்ற நிலை எங்கு வந்தாலும் பாடம் பொருந்தும்.

ஆகவே வீட்டில் தமிழ்த் தர்ஜுமாவைத் திறக்கும்போது பிள்ளைகளுக்கு மூன்று பழக்கங்களைக் கற்றுக்கொடுங்கள். ஓர் ஆயத்தைக் கண்டால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆயத்துகளையும் ஓதுவது. யாரை நோக்கி, எந்த நிலையில் இறங்கியது என்று கேட்பது. விளங்காததை ஆலிம்களிடம் விசாரிப்பது. அதுவரை எந்த அரை வசனத்தையும் பிறருக்கு அனுப்பாதிருப்பது கட்டாயம்.

மளிகைக் கடை நண்பருக்கு 4-ஆம் வசனத்தையும் 6-ஆம் வசனத்தையும் தமிழில் படித்துக் காட்டினோம். "இதையும் சேர்த்துப் போட்டிருக்கலாமுங்களே, பாய்" என்றார். அந்த வாலிபரோ சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "ஹஜ்ரத், ஆறாவது ஆயத்தை எனக்கு யாருமே அனுப்பவில்லையே" என்றார். இனி அவர் அனுப்புவார் என்று நம்புகிறோம்.

வல்ல நாயன் தன் திருமறையை முழுமையாக ஓதவும், விளங்கவும், அதன்படி அண்டை அயலாரோடு நீதமாக வாழவும் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.